நான்காவது காலுறை

“அத்தை, அந்த ஒயின் கெட்டுப்போனதுல அதோட தப்பு என்ன?”

இப்படிக் கேட்டபோது ரெமிக்கு ஏழு வயது. என் சமையலறைத் தொட்டியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குதிகாலைத் தூக்கி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அப்பா ரெஜிஸ் அப்போதுதான் ஒரு நல்ல பாட்டிலை அதில் முழுதாகக் கவிழ்த்துவிட்டு, முகத்தைச் சுளித்தபடி உள்ளே போயிருந்தார். தக்கை வாடை. சில தக்கைகளுக்குப் பிறவியிலேயே ஒரு நோய் உண்டு. கண்ணுக்குத் தெரியாது. அது அடைத்த பாட்டிலைத் திறந்தால், பூட்டிக் கிடந்த அறையில் நனைந்த செய்தித்தாள் வாடை வரும். உள்ளே இருப்பது எத்தனை உயர்ந்த ஒயினானாலும் சரி, கொட்டத்தான் வேண்டும்.

அடுப்பில் ஏதோ தீய்ந்துகொண்டிருந்தது. ஒரு துண்டு ஹேசல்நட் கேக்கை அவன் கையில் வைத்து அனுப்பிவிட்டேன். குழந்தை நியாயமாக ஒன்றைக் கேட்டு, நாம் தின்பண்டம் கொடுத்து அனுப்பினால், அந்தப் பதில் நம் பேரில் கடனாக நின்றுவிடுகிறது. என் பேரில் அது இருபத்து நான்கு வருஷம் நின்றது.

ரெஜிஸும் அவர் மனைவி ஒதீலும் மலைக்கு அந்தப் பக்கம், பிரான்சின் பர்கண்டியில் திராட்சை போடுகிறவர்கள். நாங்கள் இந்தப் பக்கம், இத்தாலியின் லாங்கே குன்றுகளில். என் வீட்டுக்காரர் செகோந்தோவும் ரெஜிஸும் வாலிபத்தில் ஒரு சந்தையில் ஒரே பீப்பாய்க்குப் போட்டி போட்டு, சண்டை போட்டு, பிறகு அதே பீப்பாய்மேல் உட்கார்ந்து சாப்பிட்டுச் சிநேகமானவர்கள். முப்பது வருஷமாக, புனித மார்ட்டின் திருநாள் கழிந்த சனிக்கிழமை மாலை நாலு பேரும் சேர்ந்து சாப்பிடுவோம். ஒரு வருஷம் எங்கள் வீடு, மறு வருஷம் அவர்கள் வீடு. நாலு பாட்டில். அவர்கள் இரண்டு கொண்டு வருவார்கள், நாங்கள் இரண்டு எடுத்து வைப்போம்.

எது யாருடையது என்று தெரியக் கூடாது. அதனால் ஒவ்வொரு பாட்டிலுக்கும் முழங்கால் வரை வரும் கம்பளிக் காலுறை ஒன்றை மாட்டிவிடுவோம். தக்கையைச் சமையலறையிலேயே பிடுங்கி, அங்கேயே ஒரு தட்டில் போட்டுவிட வேண்டும். கொண்டுவந்தவர் முகர்ந்து பார்க்கக் கூடாது. முகம் காட்டிக் கொடுத்துவிடும். எல்லாரும் குடித்துக் கருத்துச் சொன்ன பிறகுதான் காலுறை கழலும். சொன்ன சொல்லை மாற்றக் கூடாது. இது முதல் வருஷமே ரெஜிஸ் போட்ட சட்டம். “லேபிளைப் பாத்துட்டு நாக்கைத் திருப்புறவன் என்கூட உக்காந்து சாப்பிட வேண்டாம்” என்றார். முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூட அவர் அதை மீறியதில்லை. அவரிடம் எனக்குப் பிடித்ததும் அதுதான், பயந்ததும் அதுதான்.

எங்கள் வீட்டு முறை வரும்போது நான் அடுப்படியிலேயே இருப்பேன். என் கிளாஸ் ஜன்னல் விளிம்பில் இருக்கும். நேரம் கிடைக்கும்போது முகர்ந்து பார்ப்பேன். என்னிடம் யாரும் கருத்துக் கேட்பதில்லை, எனக்கும் குறையில்லை. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் பதினோரு வருஷம் ஒரு தக்கைத் தொழிற்சாலையில் வேலை செய்தவள் நான். மூட்டைக்குச் சில தக்கைகளை எடுத்து, சின்னக் குப்பிகளில் தண்ணீர் ஊற்றி ஊறவைப்போம். மறுநாள் காலையில் ஒவ்வொன்றாக முகர்ந்து, நோயுள்ள மூட்டையைத் தள்ளிவைப்போம். ஒரு நாளைக்கு நானூறு குப்பி. அதை இந்த மேஜையில் எல்லாரும் எப்போதோ மறந்துவிட்டார்கள்.

போன நவம்பரில் எங்கள் வீட்டு முறை. ஆண்கள் இருவரும் கார் சக்கரத்தைப் பற்றி வாசலில் தர்க்கம் செய்துகொண்டிருந்தார்கள். ஒதீல் பையோடு நேரே சமையலறைக்கு வந்தாள்.

“அக்கா, கதவைச் சாத்து.”

சாத்தினேன். பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்தாள். ஏற்கெனவே காலுறை மாட்டியிருந்தது. பச்சைக் கம்பளி.

“ரெமியோடது” என்றாள்.

எனக்குக் கை நின்றுவிட்டது. ரெமிக்கு இருபத்து இரண்டு வயதில் அவன் அப்பா நாலு வரிசைக் கொடி கொடுத்தார். கல்லறைச் சுவருக்குப் பின்னால் இருக்கும் நாலு வரிசை. அவன் அப்பாவுக்கு எட்டு நாள் முன்னாலேயே பறித்தான். புதுப் பீப்பாய் வேண்டாம் என்றான். எல்லாம் தன் போக்கில் செய்தான். பாட்டிலில் அடைத்த அன்று, கூலியாட்கள் முன்னாலும் ஒரு வியாபாரி முன்னாலும் ரெஜிஸ் ஒரு வாய் குடித்துத் துப்பிவிட்டு, “இது ஒயின் இல்ல, பீப்பாய் கழுவின தண்ணி” என்றார். அன்று மாலையே பையன் போய்விட்டான். இப்போது மார்செய் துறைமுகத்தில் ஒரு ரொட்டிக் கடையில் வேலை. அம்மாவோடு பேசுவான். அப்பாவோடு ஏழு வருஷமாக ஒரு சொல் இல்லை.

“அவர் எதுன்னு தெரியாமக் குடிக்கட்டும் அக்கா. ‘நல்லா இருக்கு’ன்னு ஒரே ஒரு வார்த்தை வாய்ல வந்தாப் போதும். அப்புறம் மாத்த முடியாது. அவர் போட்ட சட்டம்தானே? அந்த நிமிஷமே போனைப் போட்டு அவர் கையில குடுத்துருவேன்.”

“ரெமிக்குத் தெரியுமா?”

“எட்டு மணிக்கு எங்கயும் போகாத, போன் பக்கத்துலயே இருடான்னு மட்டும் சொல்லியிருக்கேன்.”

“வேற பாட்டில் இருக்கா?”

“இது ஒண்ணுதான். துணி அலமாரியில போர்வைக்குப் பின்னாடி வெச்சிருந்தேன். ஏழு வருஷம். போர்வை மாத்தும்போதெல்லாம் தொட்டுப் பாப்பேன்.”

அவளே திறந்தாள். தக்கை பாதியில் சாய்ந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்துவிட்டாள். தக்கையைத் தட்டில் போட்டாள். அந்த நேரம் பார்த்து கறி பொதிந்த மாவுப் பொட்டலங்கள் வெந்துகொண்டிருந்த பாத்திரம் பொங்கிற்று. நான் அதன் பக்கம் ஓடினேன். ஒரு மூச்சு. அந்தத் தக்கையை எடுத்து ஒரே ஒரு மூச்சு இழுத்திருந்தால் போதும். எடுக்கவில்லை.

முதல் மூன்று பாட்டில்களும் எப்போதும்போல் சிரிப்பும் கேலியுமாகப் போயின. எங்கள் ஒயினும் சரி, அவர்களுடையதும் சரி, நிறத்தில் வெளிறியவை. வயதாக ஆக இரண்டும் அக்கா தங்கை மாதிரி ஆகிவிடும். முதல் பாட்டிலை ரெஜிஸ் கண்ணை மூடிக்கொண்டு ருசித்துவிட்டு மேஜையைத் தட்டினார்.

“இது உன்னுதுதான்யா செகோந்தோ. தார் வாசமும் ரோஜா வாசமும். பல்லைப் பிடிச்சு இழுக்குது பாரு. பணக்கார வீட்டு மாமியார் மாதிரி.”

“உறுதியா?”

“என் மூக்கை வெட்டிக் குடுக்குறேன்.”

செகோந்தோ காலுறையைக் கழற்றினார். ரெஜிஸின் சொந்த ஒயின். பதினெட்டு வருஷத்துக்கு முன்னால் அவரே அடைத்தது. என் வீட்டுக்காரர் நாற்காலியோடு ஆடிச் சிரித்தார்.

“யோவ், பெத்த பிள்ளையையே அடையாளம் தெரியலையா உனக்கு!”

சிரிப்பு அவர் வாயிலேயே உறைந்தது. தெரிந்து சொன்னது இல்லை, இத்தனை வருஷமாகச் சொல்லும் கேலிதான். ஒதீல் குச்சி ரொட்டியை எடுத்துச் சின்னச் சின்னத் துண்டாக ஒடித்து வரிசையாக அடுக்கினாள். ரெஜிஸ் மட்டும், “மூக்கு வேணுமா, வெட்டிக்கோ. வயசான மூக்கு, சூப்புக்குத்தான் ஆகும்” என்று சொல்லி அந்த இடத்தைத் தாண்ட வைத்தார். நல்ல மனுஷர். இதை நான் சொல்லியாக வேண்டும். என் வீட்டுக்காரர் இடுப்பு உடைந்து கிடந்த வருஷம், தன் தோட்டத்தை ஆட்களிடம் விட்டுவிட்டு, பத்து நாள் எங்கள் சரிவில் திராட்சை பறித்தவர்.

இரண்டாவதும் மூன்றாவதும் எங்களுடையவை. மூன்றாவதுக்கு ஒயினில் வெந்த மாட்டிறைச்சியைக் கொண்டு வைத்தேன். ரெஜிஸ் அதை மெதுவாகக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். “இதுக்கு நான் தொப்பியைக் கழட்டுறேன்” என்றார். தொப்பி போடுவதில்லை அவர்.

நாலாவது பச்சைக் காலுறை. சுவர்க் கடிகாரத்தில் ஏழே முக்கால். ஒதீலே எழுந்து எல்லாருக்கும் ஊற்றினாள். என் கிளாஸிலும் ஊற்றி ஜன்னலில் வைத்துவிட்டு வந்தாள். நான் இறைச்சித் தட்டுகளை எடுத்துக்கொண்டு கதவருகிலேயே நின்றுவிட்டேன். ஜெபம் சொன்னேன். ஒயினுக்காக ஜெபம் சொல்வது சரியா தெரியாது. சொன்னேன்.

ரெஜிஸ் கிளாஸைச் சுழற்றினார். முகர்ந்தார். இன்னொரு தரம் முகர்ந்தார். குடித்தார்.

“ஊமை” என்றார்.

செகோந்தோவும் குடித்தார். “ஆமா. உள்ள யாரும் இல்லாத வீடு மாதிரி இருக்கு. பழமே இல்லையே.”

“பழம் எங்க இருக்கும்? பழுக்குறதுக்கு முன்னாடியே பறிச்சிருக்கான். இதைப் பண்ணவன் அவசரக்காரன். யாரோட ஒயினா இருந்தாலும் சொல்றேன், இதை நான் என் மேஜையில வெக்க மாட்டேன்.” கிளாஸைத் தள்ளி வைத்தார். “ஒதீல், எந்தக் கடையில ஏமாந்த? உன் முறை. சொல்லிட்டுக் கழட்டு.”

ஒதீல் எழுந்தாள். காலுறையின் விளிம்பைப் பிடித்தவள் கையை எடுக்கவும் முடியாமல் இழுக்கவும் முடியாமல் நின்றாள். கழற்றாமல் இருக்க வழியில்லை. சட்டம் அப்படி. ரெஜிஸ் தாமே கையை நீட்டி இழுத்துவிட்டார்.

லேபிள் கோடு போட்ட நோட்டுத் தாள். வருஷமும் கல்லறைச் சுவர்த் தோட்டத்தின் பெயரும் கையால் எழுதியிருந்தன. ரெமியின் கையெழுத்து சின்ன வயதிலிருந்தே இடது பக்கம் சாயும்.

நான் என்ன செய்வது என்று தெரியாமல் சமையலறைக்குப் போய்த் தட்டுகளை வைத்தேன். ஜன்னலில் இருந்த கிளாஸை எடுத்தேன். மூக்குக்கு எதிரே கொண்டு போனதும் தொழிற்சாலை ஞாபகம் வந்தது. மிக மெல்லிய வாடை. சாதாரண மூக்குக்கு வாடையாகவே தெரியாது. பழத்தை மட்டும் அமுக்கி, ஒயினை ஊமையாக்கிவிடும் அளவு. நானூறு குப்பியில் இரண்டு அப்படி வரும். தட்டிலிருந்த தக்கையை எடுத்து முகர்ந்தேன். சந்தேகமே இல்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

“தக்கை! ரெஜிஸ், இது தக்கைதான். ஒயின்மேல தப்பு இல்ல. கொஞ்சமா இருக்கு, அதான் உங்களுக்குத் தெரியல.”

மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள். ரெஜிஸின் முகத்தில் கோபம் இல்லை. அதுதான் மோசம்.

“நீ நல்லவம்மா, ரோமில்டா. எங்க எல்லாரையும்விட நல்லவ.”

“நல்லதுக்காகச் சொல்லல. நிஜமாச் சொல்றேன். மோந்து பாருங்க.”

“சாக்ஸ் கழண்டாச்சு. இனிமே என் மூக்கு எனக்கே பொய் சொல்லும். அதுக்குத்தானே சட்டம் வெச்சிருக்கோம்?”

“என்னங்க, நீங்களாவது பாருங்க” என்றேன் என் வீட்டுக்காரரிடம்.

செகோந்தோ முகர்ந்தார். அவருக்கு நாலு நாளாகச் சளி. “எனக்கு... தெரியலையே ரோமி” என்றார். பொய் சொல்லத் தெரியாத மனுஷர். அன்றைக்கு அது உதவவில்லை.

ஒதீல் என் கையைப் பிடித்து அழுத்தினாள். நான் அவளுக்காகப் பொய் சொல்கிறேன் என்று நினைத்து, அதற்கு நன்றி சொன்னாள். என் வாழ்நாளில் அந்த மாதிரி ஒரு நன்றி என்னைச் சுட்டதில்லை. யாரும் மனம் நோகக் கூடாது என்று, உப்புக் கூடிய சாப்பாட்டையும் நன்றாயிருக்கிறது என்று சொல்லியே வந்திருக்கிறேன். உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரே நேரத்தில், என் சொல்லுக்கு மதிப்பில்லாமல் போயிற்று.

“ஏழு வருஷத்துக்கு முன்னாடி சொன்னதேதான் இப்பவும் சொன்னேன்” என்றார் ரெஜிஸ். வெற்றி பெற்றவர் குரல் இல்லை அது. தோற்க வேண்டும் என்று அவரும் எங்கேயோ ஆசைப்பட்டிருக்கிறார் என்று அப்போது தோன்றிற்று. “தெரியாமலே சொன்னேன். நீங்க எல்லாரும் சாட்சி.”

எட்டு அடித்தது. எட்டேகாலுக்கு ஒதீலின் கைப்பைக்குள் போன் மணி அடித்தது. அவள் எடுக்கவில்லை. யார் என்று ரெஜிஸ் கேட்கவில்லை. அது ஓயும்வரை நாலு பேரும் மேஜை விரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தோம். ஓய்ந்தது. நான் கேக்கைக் கொண்டு வந்து வெட்டினேன். எல்லாரும் சாப்பிட்டோம்.

பாட்டிலில் பாதி மீதி இருந்தது. தொழிற்சாலையில் வயதான பெண்கள் ஒரு கைவைத்தியம் சொல்வார்கள். சாப்பாட்டை மூடும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைக் கசக்கிக் குடுவையில் போட்டு, அதன்மேல் ஒயினை ஊற்றி வைத்தால், அந்த வாடையைத் தாள் கொஞ்சம் இழுத்துக்கொள்ளும் என்று. முழுதாகக் குணமாகாது. செய்தேன். இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிய ரெஜிஸ் முன்னால் கொண்டு போய் வைக்கத் துணிவில்லாமல் மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போனேன்.

காலையில் குன்றே தெரியாத மூடுபனி. முதலில் எழுந்து குடுவையை முகர்ந்தேன். வாடை பெரும்பாலும் போயிருந்தது. பெரிய ஒயின் என்று நான் சொல்லமாட்டேன். இரவெல்லாம் காற்றுப்பட்டுக் களைத்துப்போயும் இருந்தது. ஆனால் அடியில் செர்ரி இருந்தது. மழை நனைத்த கல் வாசம் இருந்தது. ஒளிவுமறைவில்லாத ஒயின். அவசரக்காரன் செய்த ஒயின் இல்லை அது.

இதை யாரிடம் சொல்வது? ரெஜிஸை எழுப்பி, ஒதீல் முன்னால், என் வீட்டுக்காரர் முன்னால், ‘குடியுங்கள், நீங்கள் சொன்னது தப்பு’ என்று சொல்லலாம். சொன்னால் அந்த மனுஷர் குடிக்கமாட்டார். மூன்று பேர் பார்த்துக்கொண்டிருக்க ஒருவர் தம் சட்டத்தை உடைப்பதென்பது நடக்காத காரியம். என்னால் முடிந்தது ஒன்றுதான்: பார்க்க ஆள் இல்லாத ஒரு மணி நேரம்.

பிளாஸ்டிக் தாளை எடுத்துவிட்டு, குடுவையை ஜன்னல் விளிம்பில் வைத்தேன். பக்கத்தில் சுத்தமான ஒரு கிளாஸ். சின்னத் தட்டில் தக்கை. பிறகு ஒதீலிடம், “பூசைக்குப் போலாமா?” என்றேன். அவள் தலையசைத்தாள்.

“நீங்களும் கிளம்புங்க” என்றேன் செகோந்தோவிடம்.

“நானா? இன்னைக்கு ஈஸ்டரா?”

“சளிக்கு நல்லது.”

“கோவில்ல எலும்பே விறைக்கும். அது எப்படிச் சளிக்கு...” என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலங்கியை எடுத்தார்.

ரெஜிஸ் கோவிலுக்குள் கால் வைக்கிறவர் இல்லை. “நான் வீட்டைப் பாத்துக்குறேன்” என்று காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். எங்களோடு வரச்சொல்லி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. முப்பது வருஷத்தில் கேட்காமல் விட்டது அன்றுதான்.

சாமியார் பிரசங்கத்தில் கோவிலைச் சூடாக்குகிற செலவைப் பற்றிப் பேசினார். எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை. பக்கத்தில் ஒதீல் கண்ணைத் திறந்துகொண்டே முழந்தாளிட்டிருந்தாள். ஆண்டவரே, ஒரு மனுஷருக்குத் தனியாகக் கொஞ்சம் நேரம் கொடும் என்று மட்டும் கேட்டேன். பூசை முடிந்ததும் இரண்டு மெழுகுவத்தி ஏற்றினேன். பிறகு மணியக்காரர் மனைவியின் முழங்கால் வலியை ஆதியோடந்தமாக விசாரித்தேன். செகோந்தோ குளிரில் காலை மாற்றி மாற்றி நின்றார்.

திரும்பி வந்தபோது ரெஜிஸ் காரில் பெட்டிகளை ஏற்றி முடித்திருந்தார். முகத்தில் எதுவும் தெரியவில்லை. கண் சிவந்திருந்தது, மூடுபனியில் நின்றால் யாருக்கும் சிவக்கும்.

“பனி விலகுறதுக்குள்ள சுரங்கப்பாதையைத் தாண்டிடணும்” என்றார்.

“விலகின பிறகு போனா என்னய்யா?” என்றார் செகோந்தோ.

“உன் ரோடு எனக்குப் பனியிலதான் அழகாத் தெரியுது.”

புறப்படும்போது என்னைக் கட்டிக்கொண்டார். எப்போதும் கட்டிக்கொள்கிற அளவுக்குத்தான். ஒதீல் காரின் ஜன்னல் வழியே எனக்குக் கை காட்டினாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கும் தெரியாது.

சமையலறைக்குப் போனேன். குடுவை காலி. கிளாஸ் கழுவப்பட்டு, துணிமேல் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. இந்த வீட்டில் ரெஜிஸ் ஒரு பாத்திரம் கழுவி நான் கண்டதில்லை. விளிம்பில் கொஞ்சம் சோப்பு நுரை காய்ந்திருந்தது. தட்டு இருந்தது. அதில் தக்கை இல்லை. குப்பைக் கூடையைப் பார்த்தேன். அங்கும் இல்லை.

அதன் பிறகுதான் மசாலா அலமாரி கண்ணில் பட்டது. கிராம்பு வைத்திருந்த சின்னத் தகர டப்பாவைக் காணோம். பெரிய தீப்பெட்டி அளவு டப்பா, ஒரு தக்கை சரியாக அடங்கும். தபாலில் மார்செய் வரை போனாலும் நசுங்காது. உள்ளே இருந்த கிராம்பையெல்லாம் ஒரு சாஸரில் கொட்டி, ஒன்றுகூடக் கீழே சிந்தாமல், மேலே ஒரு காகிதத்தால் மூடி வைத்திருந்தார்.

“ரோமி, ஏன் அங்கயே நிக்கிற?” என்று கூடத்திலிருந்து என் வீட்டுக்காரர் கூப்பிட்டார்.

“ஒண்ணுமில்லங்க” என்றேன்.

வேறொரு டப்பாவைத் தேடி எடுத்து, கிராம்பை அதில் போட்டு மூடினேன்.